விடை தரும் தளங்களும் சான்று தரும் தளங்களும்

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு புதிய பாடத்திட்டத்தின்படி பள்ளிப் பாடநூல்கள் திருத்தி எழுதப்பட்டபோது, பாடங்களின் ஓரத்திலே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான க்யூஆர் குறியீடு இடம்பெற்றதையும், விஞ்ஞானப் பாடங்கள் பலவற்றின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பின்கீழ் ஒரு வலைத்தள முகவரியும் அதில் செய்யவேண்டியவற்றின் படிநிலைகளும் அச்சாகியிருந்ததையும் பெற்றோர் பலர் கவனித்திருப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மத்திய அரசு ‘திக்‌ஷா’ என்ற கல்வித்தளத்தைத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசுப் பள்ளிகளில் ‘ஹைடெக் லேப்’ என்று யாவரும் சொல்லும் கணினி ஆய்வகங்கள் திறக்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலமோ, கைப்பேசியைத் தொடக்கூடாது என்று கண்டித்துவந்த அதே பெற்றோர் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் ‘பாடம் படி’ என்று சொல்லும்படி செய்துவிட்டது. ஆகவே, வலைத்தளங்களை வகுப்பறைக்குள் அனுமதிக்கலாமா, கூடாதா என்ற வாதம் காலங்கடந்த வாதம். வந்துவிட்டவை அங்கே என்ன காரியம் செய்கின்றன என்பதே இன்று விசாரிக்கத்தக்க விஷயம்.

விஞ்ஞானத்துக்கும் சரித்திரத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ‘அது அப்படித்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பதற்கு மாணாக்கனுக்கு உரிமை இருக்கிறது. அதற்குத் தக்க விடை கூற ஆசிரியர் கடமைப்பட்டிருக்கிறார். நம்முடைய தர்க்க நூலார், அறிவு பிறக்கும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று வகுத்தார்கள். வடமொழியாளர் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்றார்கள். நமது பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாக அரசு செலுத்திவருவது மூன்றாவதாகிய உரை ஒன்றுதான். பாடநூல் சொல்லிற்று, ஆசிரியர் சொன்னார், ஆகையால் அது உண்மை. இந்நிலையில் வலைத்தளம் ஒன்று வண்ணமும் இசையும் அசையும் சித்திரங்களும் சேர்த்து அதே முடிவுகளை இன்னொரு தடவை சொல்லுமாயின், மாணாக்கனுக்குக் கிடைப்பது இரண்டாவது பாடநூலே தவிர, அறிவுக்கான புதிய வழி ஆகாது. ஒரு கல்வித்தளத்தை மதிப்பிடும்போது, அது தமிழில் இருக்கிறதா, இலவசமா, அழகாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக, அது விடையைத் தருகிறதா, விடைக்கு ஆதாரமான சான்றைத் தருகிறதா என்று கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கட்சி.

முதலில் விஞ்ஞானத்தை எடுத்துக்கொள்வோம். பௌதிகத்துக்கான நோபல் பரிசை 2001-இல் பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டிலேயே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்னும் உருவகப் பரிசோதனைத் தளத்தைத் தொடங்கினார். ஊசல், மின்சுற்று, வாயுக்களின் இயல்பு, ஒளிவிலகல் முதலியவற்றைத் திரையில் இயக்கிப் பார்ப்பதற்கான இலவசச் சாதனங்கள் அதில் இருக்கின்றன. அவற்றுள் சில தமிழிலும் கிடைக்கின்றன. ஊசலை உதாரணமாகப் பார்க்கலாம். திரையிலுள்ள ஊசலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் விரும்பியபடி மாற்றலாம். உராய்வை அறவே நீக்கிவிட்டால் அது ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். எத்தனை முறை அளந்தாலும் அதே விடைதான் வரும்.

அதே ஊசலை ஒரு வகுப்பில் மெய்யாகவே கட்டித் தொங்கவிட்டால் நிகழ்வது வேறு. ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் ஒரு கல்லைக் கட்டி, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கும்படி ஆறு குழுக்களிடம் சொன்னால், விடை நாற்பது விநாடிக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஆனால் ஒரு குழு 38 என்னும், மற்றொன்று 41 என்னும், மூன்றாவது குழு எண்ணிக்கையை ஒன்று தவறவிட்டு 42 என்று சாதிக்கும். நூலின் நீளத்தை முடிச்சு வரை அளப்பதா, கல்லின் நடு வரை அளப்பதா என்று சச்சரவு எழும். ஒரே பொருளை அளந்த ஆறு பேர் ஏன் ஆறு விதமாகச் சொல்கிறார்கள், அவற்றிலிருந்து நம்பத்தக்க ஓர் எண்ணை எப்படிப் பெறுவது என்ற பிரச்சினை அப்போது அவர்கள்முன் தானாகவே வந்து நிற்கிறது. அளவீட்டுப் பிழைகளைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பிரச்சினையிலிருந்து கிளைத்ததே. பிழையே செய்யாத திரை அதைக் கற்பிக்க இயலாது. ஏனெனில், அங்கே இயற்கை பேசவில்லை. மென்பொருளை எழுதியவர் அதனுள் வைத்த சமன்பாடே பேசுகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அது வலுவான ஆட்சேபமும்கூட. 2005-இல் அதே கொலராடோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மெய்யான கம்பிகளையும் பல்புகளையும் கொண்டு மின்சுற்றுப் பயின்ற மாணாக்கரைக் காட்டிலும், திரையில் மட்டுமே பயின்றவர்கள் கருத்துத் தெளிவில் மேம்பட்டிருந்ததோடு, பின்னர் மெய்யான சுற்றை அமைக்கச் சொன்னபோது அதிலும் முந்திக்கொண்டார்கள் என்று கண்டறியப்பட்டது. கையால் செய்வதே எப்பொழுதும் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுவோர் இதற்கு விடை சொல்லித்தான் தீரவேண்டும். காரணத்தை ஆராய்ந்தால் விஷயம் விளங்கும். மெய்யான கம்பியினுள் ஓடும் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையிலோ சிறு நீல உருண்டைகள் கம்பி வழியே ஊர்ந்து செல்வது தெரிகிறது. தடையைக் கூட்டினால் அவற்றின் நடை தளர்வதை மாணாக்கன் பார்க்கிறான். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் மின்கலம் தீப்பற்றுவதை ஆபத்தில்லாமல் காண்கிறான். அதாவது, கண் காணாததைக் காட்டியதனாலேயே அங்கே திரை வென்றது. எலெக்ட்ரான் நீல நிறமுள்ள உருண்டை என்று பிள்ளைகள் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆசிரியருடையது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஏற்ற விதி ஒன்று கிடைக்கிறது. கையால் செய்யக்கூடியதைக் கையால் செய்துவிட்டுப் பிறகு திரைக்குச் செல்லவேண்டும். கைக்கும் கண்ணுக்கும் எட்டாதவற்றுக்குத் திரையை முதலிலேயே அழைக்கலாம். ஒரு மீட்டர் ஊசலைச் சந்திரனுக்குக் கொண்டுபோய் ஆட்டிவிட நம்மால் ஆகாது. திரையில் ஆட்டினால், ஓர் அலைவுக்கு இங்கே இரண்டு விநாடி எடுத்துக்கொள்வது அங்கே ஏறக்குறைய ஐந்து விநாடி எடுத்துக்கொள்வது தெரியும். அந்தத் தளத்தில் ‘கோள் எக்ஸ்’ என்று பெயர் தெரியாத கோள் ஒன்றும் இருக்கிறது. அதன் ஈர்ப்பு எவ்வளவு என்று தளம் சொல்வதில்லை. ஊசலின் அலைவு நேரத்தை அளந்து மாணாக்கனே கண்டுபிடிக்கவேண்டும். ஜன்னல் கம்பியில் கல்லைக் கட்டி அளந்து பழகியவனுக்கு அது இரண்டாவது வேட்டை. பழகாதவனுக்கு எண்களின் விளையாட்டு.

இனி, உருவகங்களையும் கடந்து, இயற்கையின் பதிவுகளையே கொண்டுவந்து தரும் தளங்கள் உண்டு. அவற்றுள் தலைசிறந்ததாகக் கருதத்தக்க ஒன்றின் மூலம் நம் பழனி மலைத்தொடரிலேயே இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டுவருகின்றன. சூரியக் களங்கங்களிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் படத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணியல் வடிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. 2010-இல் ஏவப்பட்ட நாசாவின் சூரிய ஆய்வுக்கலம் எடுக்கும் இன்றைய படங்களும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இவற்றை ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் எப்படி உபயோகிக்கலாம்? அடுத்தடுத்த பத்து நாள்களின் சூரியப் படங்களை ஒரே அளவில் அச்சிட்டு, அவற்றின்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, ஒரு களங்கம் ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தது என்று பென்சிலால் புள்ளியிட்டு வரச் சொல்லவேண்டும். புள்ளிகள் வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை நோக்கி வரிசையாக நகரும். நடுவிலே இடைவெளி அகன்றும் விளிம்பருகே குறுகியும் இருக்கும். அந்தக் குறுக்கத்திலிருந்து சூரியன் தட்டு அன்று, உருண்டை என்பதையும், விளிம்பிலிருந்து விளிம்புக்குச் செல்ல ஏறக்குறைய இரண்டு வாரம் ஆவதிலிருந்து சூரியன் பூமியிலிருந்து பார்க்கும்போது சுமார் 27 நாளில் ஒரு சுற்றுச் சுழல்கிறது என்பதையும் அவர்கள் தாமே அனுமானித்துவிடலாம். வேறொரு குழுவிடம் ஒரே மாதத்தைப் பல ஆண்டுகளுக்கு எடுத்துக் களங்கங்களை எண்ணச் சொன்னால், எண்ணிக்கை ஏறி இறங்கும் பதினோராண்டுச் சுழற்சி மெல்லத் தலைகாட்டும். சூரியனை நேரே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் அபாயமும் இதிலே இல்லை. நம்முடைய மண்ணில், நம் தாத்தாக்களின் காலத்தில் எடுத்த படம் என்ற பெருமிதம் தனி லாபம்.

இத்தகைய பதிவுகள் பொழுதுபோக்குப் பயிற்சிக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடலாகாது. விண்மீன் மண்டலங்களின் படங்களை வடிவவாரியாகப் பிரித்துத் தரும்படி பொதுமக்களை வேண்டி 2007-இல் தொடங்கப்பட்ட ‘கேலக்ஸி ஸூ’ தளத்திலே, ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளியாசிரியை ஒருவர், அதுகாறும் எவரும் கவனித்திராத விசித்திரமான ஒளிப்பொருள் ஒன்றைக் கண்டு ‘இது என்ன?’ என்று கேட்டார். நிபுணர்களுக்கும் விடை தெரியவில்லை, ஆராய்ச்சி தொடங்கிற்று. அப்பொருள் இன்றும் அவருடைய பெயராலேயே வழங்குகிறது.

சரித்திரத்திற்கு வந்தால் நிலைமை தலைகீழ். விஞ்ஞானத்திலே மூலமாகிய இயற்கை வகுப்பறையின் ஜன்னலுக்கு வெளியேயே இருக்கிறது. சரித்திரத்திலோ மூலங்களாகிய கல்வெட்டும் செப்பேடும் நாட்குறிப்பும் பத்திரிகையும் எங்கோ தொலைதூரத்தில் கிடக்கின்றன. பாடநூல் அவற்றைப் பல கைகள் மாறிவந்த சுருக்கமாகவே தருகிறது. ஆகையால் இங்கே வலைத்தளம் மாணாக்கனை மூலத்தினின்றும் விலக்குவதற்குப் பதிலாக மூலத்தின் அருகே கொண்டு நிறுத்தவல்லது. பாடநூலுக்குப் பிறகு அலங்காரமாகக் காட்டப்படாமல், பாடநூலைத் திறப்பதற்கு முன்னரே காட்டப்படவேண்டியது.

உத்திரமேரூரைச் சொல்லலாம். சோழர் காலத்தில் குடவோலை முறை என்ற ஜனநாயகத் தேர்தல் இருந்தது என்று நம் பிள்ளைகள் ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை; அவற்றின் வாசகமும் மொழிபெயர்ப்பும் இணையத்திலே கிடைக்கின்றன. ஊரைக் ‘குடும்பு’ எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்ற செய்தி அதிலே இருப்பது மெய்தான். அத்தோடு, பெயர் எழுதப்படுவதற்கு உரிய தகுதிகளும் அதில் வரிசையாக இருக்கின்றன: வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்கவேண்டும், வேதக் கல்வி வேண்டும். வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுக்களில் முன்பு பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள்.

இந்தப் பட்டியலை மாணாக்கரின் கையில் கொடுத்து இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். அவ்வூரில் ஏர் பிடித்து உழுதவர்களில் எத்தனை பேருடைய பெயர் குடத்துக்குள் போயிருக்கக்கூடும்? இரண்டே ஆண்டுகளில் அதே சபை தன் விதிகளை மறுபடியும் திருத்தி எழுதவேண்டிய அவசியம் என்ன நேர்ந்திருக்கும்? பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேய ஊரின் சபை ஒன்றின் ஒழுங்குமுறையை இன்றைய வாக்குரிமையோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதும் தவறு, கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரையும் சேர்த்து ஒதுக்கிவைத்த கண்டிப்பைக் காணாமல் அலட்சியம் செய்வதும் தவறு என்று அவர்களே உணர்வார்கள். ஒரு வரியை மனப்பாடம் செய்தவனுக்கு இந்த நிதானம் வராது.

மூலங்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய வரலாற்றைப் படிக்கும் வகுப்பு, 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் இருந்தவாறே தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் ஏடுகளில் அந்த மாதத்தைப் புரட்டிப் பார்த்து, போரைத் தளபதிகளின் கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு வணிகரின் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள பேதத்தை அறியலாம். சிந்துவெளியைப் படிக்கும் வகுப்பு, 1995 முதல் இயங்கிவரும் ‘ஹரப்பா.காம்’ தளத்தின் படங்களைப் பார்த்து, பாடநூலில் பெரிதாக அச்சாகியிருக்கும் வெண்கல நடன மங்கை உண்மையில் 10.5 சென்டிமீட்டரே உயரம் உள்ளவள் என்று தெரிந்து வியக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய அச்சு நூல்கள் திறந்து கிடக்கின்றன. 1981-இல் பொது நூலகம் எரிந்துபோன யாழ்ப்பாணத்தை நினைக்கும்போது, ஈழத்துத் தமிழர்கள் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் பக்கம் பக்கமாகச் சேகரிக்கப்பட்டிருப்பது வெறும் சௌகரியம் அன்று, ஒரு சமூகம் தன் சாட்சியங்களைக் காத்துக்கொள்ளும் முயற்சி என்பதும் புலப்படும்.

சான்று என்று வந்துவிட்டால், பொய்ச் சான்றும் கூடவே வரும். திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று செல்கின்றன, நாசாவே திகைத்தது என்ற வதந்தியைக் கேளாத தமிழர் இரார். படித்தவர்களே அதைப் பரப்பியிருக்கிறார்கள். இதைச் சிரித்து ஒதுக்குவதைவிட வகுப்பிலே எடுத்துக்கொள்வது உத்தமம். செயற்கைக்கோள்களின் பாதையை உடனுக்குடன் காட்டும் தளங்கள் பல இருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருவதையும், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் விரைவதையும் அவற்றில் பார்க்கலாம். அத்தகையதொன்று மூன்று விநாடி நிற்பது என்றால் என்ன, நின்றுவிட்டால் அது மேலே தங்குமா என்று கேட்டால், வட்டப்பாதை இயக்கத்தைப் பற்றிய பாடம் பாதி முடிந்துவிடும்.

தளத்தின் தோற்றத்தைக் கண்டு ஏமாறுவது குழந்தைகளுக்கு மட்டும் உரிய பலவீனம் அன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியர் பத்துப் பேரும், மாணாக்கர் இருபத்தைந்து பேரும், பத்திரிகைத் துறையின் உண்மை சரிபார்ப்போர் பத்துப் பேரும் சில தளங்களை மதிப்பிட்டார்கள். சரித்திர ஆசிரியர்களிலேயே சிலர் தளத்தின் நேர்த்தியைப் பார்த்து ஏமாந்தார்கள்; சரிபார்ப்போரோ அந்தத் தளத்தில் அதிக நேரம் தங்காமல், வேறு பக்கங்களைத் திறந்து, இத்தளத்தை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து விரைவில் உண்மையைக் கண்டுகொண்டார்கள். சாட்சி சொல்ல வந்தவனைப் பற்றி ஊரில் விசாரிப்பது நமக்குத் தெரியாத வழக்கம் அன்று. அதை இணையத்திலும் செய்யப் பழக்கவேண்டும், அவ்வளவே.

இடையூறுகளையும் பேசாமல் இருக்கலாகாது. நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு திரை. பாடம் நடுவில் இருக்கும்போது மின்சாரம் போகும், இணையம் சுழன்றுகொண்டே நிற்கும். அச்சான முகவரிகள் மறைந்துபோவதும் உண்டு. 2020 இறுதியில் ‘ஃப்ளாஷ்’ மென்பொருள் நிறுத்தப்பட்டபோது அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ கல்விச் சாதனங்கள் ஒரே நாளில் உயிரிழந்தன. வேண்டியவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம். ஃபெட் சாதனங்களும் சூரியப் படங்களும் கல்வெட்டு வாசகங்களும் அவ்வாறு இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியவையே. படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், மின்சாரம் இல்லாத பொழுதிலும் பாடம் நிற்காது. ஆனால் தேடுவதற்கும் தேர்வதற்கும் கேள்விகளை யோசிப்பதற்கும் ஆசிரியருக்கு அவகாசம் வேண்டும். வருகைப் பதிவையும் ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்துக்கான விவரங்களையும் ஏற்றிக்கொண்டிருப்பதிலேயே பொழுது கழியும் ஒருவரிடம் அந்தச் சிரத்தையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகையால் அரசு செய்யத்தக்கவை சில உண்டு. கொடைக்கானல் படங்களில் தேர்ந்தெடுத்த இருபது முப்பதையும், புகழ்பெற்ற கல்வெட்டுகளில் ஒரு பத்தையும், அருஞ்சொற்பொருளோடும் வினாக்களோடும் தமிழில் தொகுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம். வல்லுநர்களையும் அனுபவமுள்ள ஆசிரியர்களையும் ஒருங்கே அமர்த்தினால் ஒரு கோடை விடுமுறையில் முடியும் வேலை அது. ஆயினும் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது தேர்வு. பொதுத் தேர்வு விடையை மட்டுமே கேட்கும்வரை, சான்றை ஆராய்வதில் ஒரு பாடவேளையைச் செலவிடும் ஆசிரியரைப் ‘போர்ஷனை முடிக்கவில்லை’ என்று பெற்றோரும் தலைமையாசிரியரும் குறைகூறத்தான் செய்வார்கள். பத்தாம் வகுப்பு விஞ்ஞான வினாத்தாளில் அளவீட்டு அட்டவணை ஒன்றையும், சமூக அறிவியல் வினாத்தாளில் முன்பின் பாராத கல்வெட்டுப் பகுதி ஒன்றையும் தந்து, இவற்றிலிருந்து என்ன முடிவு செய்யலாம், என்ன முடிவு செய்யக்கூடாது என்று கேட்டுப் பத்து மதிப்பெண்ணாவது ஒதுக்கினால், மறு ஆண்டே வகுப்பறைகளின் போக்கு மாறும். ஆசிரியர்கள் சான்று தரும் தளங்களைத் தாமே தேடிச் செல்வார்கள். அதைச் செய்யாமல் எத்தனை கோடி ரூபாய்க்குத் திரைகளை வாங்கிச் சுவரில் மாட்டினாலும், அவை கரும்பலகை செய்துவந்த வேலையையே கூடுதல் செலவில் செய்துகொண்டிருக்கும்.